நூலுக்குக் கட்டிய கூரையும் பிள்ளைக்குக் கட்டிய கூரையும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில், பள்ளிக் கட்டடங்கள் குறித்து நிகழ்த்திய உரை)



கூலி உயர்வு, போனஸ், வேலை நாள், குடிமனைப் பட்டா என்று நம் முன்னே கோரிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கு நடுவே பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பற்றி ஒரு கூட்டம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கட்டடம் என்பது என்ஜினீயர் சமாசாரம், காண்டிராக்டர் சமாசாரம், நமக்கு அதில் என்ன பேச்சு என்றும் நினைக்கக்கூடும்.

அப்படி அல்ல என்று சொல்லத்தான் நாம் இங்கே கூடியிருக்கிறோம். நம் பிள்ளைகள் பகலில் பெரும் பொழுதை அந்தக் கட்டடத்துக்குள்தான் கழிக்கிறார்கள். அதற்குச் செங்கல் சுமப்பவர்களும் நாமே. அந்தச் சுவரில் கரணை பிடிப்பவர்களும் நாமே. பிள்ளையும் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்யும்போது மட்டும் நமக்குப் பேச்சில்லை என்றால் அது என்ன நியாயம்?

மில் கூரை சொல்லும் பாடம்

பஞ்சாலைத் தோழர்கள் பழைய மில்களை நினைத்துப் பார்க்கட்டும். கூரை ரம்பப் பல்லைப் போல் மேலும் கீழுமாக இருக்கும். அதிலுள்ள கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும். ஏன் அப்படிக் கட்டினார்கள்? நேர் வெயில் உள்ளே விழக்கூடாது; ஆனால் பகல் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் இழையின் மேல் விழவேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறும். அதற்காக ஈரக் காற்றை ஊதும் இயந்திரம் வைத்தார்கள். எத்தனை சூடு, எத்தனை ஈரம் என்று அளந்து பார்க்கக் கருவி மாட்டினார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் தொழிலாளியின் சுகத்துக்காகச் செய்ததல்ல. நூலின் சுகத்துக்காகச் செய்தது. அந்த ஈரத்திலும் சூட்டிலும் தொழிலாளி வெந்து வாடுவது வேறு கதை. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு வேலை ஒழுங்காக நடக்கவேண்டுமானால், அந்த வேலையின் தன்மையை அறிந்து அதற்கேற்ற கட்டடம் கட்டவேண்டும் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

வயலில் பாடுபடும் தோழர்களுக்கும் இது தெரியும். நாற்றங்காலை மேடு பள்ளம் இல்லாமல் பரம்படித்து, நீர் கட்டவும் வடிக்கவும் வழி செய்து, அதன் பிறகே விதை தெளிக்கிறோம். கண்ட இடத்தில் யாரும் விதைப்பதில்லை. நெல்லுக்கு நாற்றங்கால் உண்டு, நூலுக்கு மில் உண்டு. பிள்ளைக்கு மட்டும் நாலு சுவரும் ஒரு கூரையும் இருந்தால் போதும் என்பது எந்தச் சாஸ்திரம்?

கும்பகோணம் கேட்கும் கேள்வி

அந்த நாலு சுவரும் ஒரு கூரையும்கூட நம் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதியை மறக்க முடியுமா? கும்பகோணத்தில் உதவி பெறும் தனியார் பள்ளி ஒன்றில் சமையல் கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் பிள்ளைகள் தலைக்கு மேலும் கீற்றுதான். இறங்கிவரப் படிக்கட்டு குறுகல். 94 குழந்தைகள் மாண்டார்கள். எல்லாம் ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள்.

தீ கொன்றது என்று சொல்வது பாதி உண்மை. அடுப்பை எங்கே வைப்பது, கூரையை எதனால் வேய்வது, படிக்கட்டை எத்தனை அகலம் வைப்பது, ஓர் அறையில் எத்தனை பிள்ளைகளை அடைப்பது என்பதெல்லாம் தலைவிதி அல்ல. மனிதர்கள் எடுத்த முடிவுகள். செலவைக் குறைத்து லாபம் பார்க்கும் கை எடுத்த முடிவுகள்.

கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட வழக்கில், 2009இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று: கல்வி பெறும் உரிமையில், பத்திரமான கட்டடத்தில் கல்வி பெறும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் 2021 டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். காகிதத்தில் எழுதிய தீர்ப்பு தானாகச் சுவரைத் தாங்கிப் பிடிக்காது என்பதை அந்த மூன்று உயிர்கள் காட்டின. அதன் பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடிப் பிடித்து இடிக்கும் வேலை வேகம் கண்டது.

சட்டத்தில் இருப்பது என்ன?

2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று அதன் அட்டவணை பட்டியல் போட்டுச் சொல்கிறது. எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை. மாற்றுத் திறனாளிப் பிள்ளை தடையின்றி உள்ளே வர வழி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை. எல்லாருக்கும் போதிய நல்ல குடிநீர். பகலுணவு சமைக்கும் இடத்தில் சமையலறை. விளையாட்டு மைதானம். சுற்றுச் சுவர் அல்லது வேலி. மூன்று ஆண்டுக்குள் இவையனைத்தும் இருக்கவேண்டும் என்று கெடுவும் விதித்தது. அந்தக் கெடு 2013லேயே முடிந்துவிட்டது.

இவற்றில் எது நம் ஊர்ப் பள்ளியில் இருக்கிறது, எது இல்லை என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? போனஸ் சட்டத்தின் சதவிகிதத்தைத் தொழிலாளி மனப்பாடமாகச் சொல்கிறான். பிள்ளையின் சட்டத்தையும் அப்படியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கரும்பலகை கீழே இறங்கிய கதை

ஆனால் தோழர்களே, பத்திரம் என்பது முதல் படிதான். பிள்ளை பள்ளிக்குப் போவது உயிரோடு திரும்புவதற்கு மட்டுமல்ல, கற்பதற்கு. கற்பதற்கு ஏற்ற கட்டடம் எது?

பழைய முறையில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். எதிரே உயரத்தில் ஒரு கரும்பலகை. சாக்பீஸ் ஆசிரியர் கையில். பிள்ளையின் வேலை பார்ப்பது, கேட்பது, திருப்பிச் சொல்வது. இதற்குக் கட்டடம் எப்படி இருந்தாலும் போதும். பின்வரிசைப் பிள்ளைக்குத் தெரிகிறதா, கேட்கிறதா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தப் பின்வரிசையில் பெரும்பாலும் நம் பிள்ளைகளே இருந்தார்கள்.

2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007க்குப் பின் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். அவரவர் எட்டிய படிக்கேற்ற அட்டையை எடுத்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். அதோடு அறையும் மாறியது. சுவரின் அடியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓரிடம். தலைக்கு மேல் கம்பி கட்டி, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். கரும்பலகை கீழே இறங்கியதும் சாக்பீஸ் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. பிறகு வேறு முறைகள் வந்தன. அது ஆசிரியர்கள் பேசவேண்டிய விஷயம். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: கற்பிக்கும் முறை மாறினால் சுவரும் தரையும் மாறவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதடிக்கு இருபதடி அறை என்றால் 400 சதுர அடி. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 13 சதுர அடி கிடைக்கும். வட்டமாக உட்காரலாம், எழுந்து நடக்கலாம், அட்டை பரப்பலாம். இரண்டு வகுப்பை ஓர் அறையில் தள்ளி 60 பிள்ளைகளை உட்கார வைத்தால் ஒரு பிள்ளைக்கு ஏழு சதுர அடியும் தேறாது. அங்கே எந்த நவீன முறையும் நடக்காது. வரிசையாக உட்காரு, வாயை மூடு என்பது மட்டும் நடக்கும்.

வெளிச்சம், காற்று, சத்தம்

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காகவும், ஜன்னல்கள் வடக்கும் தெற்குமாகவும் இருந்தால் காலை, மாலை வெயில் அறைக்குள் பாய்ந்து கண்ணைக் கூசச் செய்யாது. மில்லில் நூலுக்குச் செய்த உபாயம்தான் இது. தரையில் உட்காரும் பிள்ளைக்கு ஜன்னலின் அடிமட்டம் தாழ்வாக இருக்கவேண்டும். பெரியவர் உயரத்துக்கு வைத்தால் பிள்ளைக்கு வானமும் தெரியாது, காற்றும் வராது.

காற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும். எதிர்ப் பக்கமும் வழி இருந்தால்தான் ஓடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நின்று வேலை செய்தவர்களுக்கு, அங்கே பாடம் மண்டையில் ஏறுமா என்று விளக்க வேண்டியதில்லை. அகலமான தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் தடுக்கும். அதுவே இன்னொரு வகுப்பறையாகவும் உதவும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கீழே சூடு குறையும்.

சத்தத்தை எடுத்துக்கொள்வோம். தறிக்கூடத்தில் ஒருவர் பேச்சு ஒருவர் காதில் விழாமல் கைஜாடையில் பேசுகிறோம். ஒரே கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடும் ஐந்தாம் வகுப்புச் செய்யுளும் ஒன்றாக ஒலிக்கும்போது பிள்ளையின் கதியும் அதுதான்.

கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. கதவும் தண்ணீரும் இல்லாத கழிப்பறையால் வயது வந்த பெண் பிள்ளை பள்ளியை விட்டு நிற்கிறாள். அவள் படிப்பை நிறுத்தியது கணக்குப் பாடமல்ல, ஒரு தாழ்ப்பாள். பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் கட்டட விஷயமே. ஊருக்கு ஒரு புறமும் சேரிக்கு மறு புறமுமாக எல்லாம் பிரிந்து கிடக்கும் நாட்டில், எல்லாப் பிள்ளைகளும் தலைநிமிர்ந்து வரக்கூடிய இடத்தில் பள்ளி நிற்கவேண்டும். ஒரே குழாயில் குடித்து, ஒரே கூடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்ண இடம் வேண்டும். சாதி ஒழிப்பின் முதல் பாடம் அங்கேதான் நடக்கிறது.

கட்டடமே பாடம்

இன்னொரு படி மேலே போகலாம். கட்டடமே பாடக்கருவி ஆகலாம் என்று டில்லிக் கட்டடக் கலைஞர்கள் சிலர் யூனிசெப் உதவியோடு செய்து காட்டினார்கள். கதவு திறந்து மூடும் இடத்தில் தரையில் கோணங்களைக் குறித்துவிட்டால், பிள்ளை கதவைத் திறக்கும்போதே 30, 60, 90 டிகிரியைக் கற்றுக்கொள்ளும். படிக்கட்டில் எண்கள். ஜன்னல் கம்பியை எழுத்தின் வளைவுகளாக வளைத்தால், விரலால் தடவியே கை எழுத்துக்குப் பழகும். விசிறி இறக்கையில் வண்ணம் பூசினால், சுழலும்போது வண்ணங்கள் கலப்பது தெரியும். கதவும் படியும் எப்படியும் போடத்தான் போகிறோம். கூடுதலாக வேண்டியது பெருஞ்செலவு அல்ல, பிள்ளையைப் பற்றிய நினைப்பு.

கம்ப்யூட்டர் வைத்தால் நவீனம், ஏ.ஸி. வைத்தால் நவீனம் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகளைப் பார்க்கிறோம். கண்ணாடி மாளிகைக்குள்ளும் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் அது பழைய பள்ளிதான். கட்டணம் மட்டும் புதிது. அதற்காக இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், 2018இல் தொடங்கி 45,000 வகுப்பறைகளை உயர் தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றும் திட்டம் நடந்தது. அதுவும் பணக்காரப் பள்ளிகளில் அல்ல. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும். இயந்திரம் வரும் முன் அறையைத் தயார் செய்யவேண்டும்: நல்ல தரை, மின்சாரம், பூட்டக்கூடிய கதவு. ஒழுகும் கூரையின் கீழ் கம்ப்யூட்டரை இறக்கினால் அது மூலையில் தூங்கும்.

பணம் எங்கே என்பவர்களுக்கு

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2022இல் அறிவித்த பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 7,000 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். ஆக, பணமே இல்லை என்ற பேச்சு செல்லாது. எப்படிச் செலவழிப்பது, யார் கண்காணிப்பது என்பதே கேள்வி.

பிரிட்டனில் பிறந்து கேரளத்தையே வீடாக்கிக்கொண்டு 2007இல் மறைந்த லாரி பேக்கரின் பெயர் கொத்தனார் தோழர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, உள்ளே பொள்ளல் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை அவர் பரப்பினார். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம்; நடுவில் உள்ள காற்று சூட்டையும் தடுக்கும். காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளை வைத்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார். செங்கல்லில் இடைவெளி விட்டு ஜாலிச் சுவர் எழுப்பிக் காற்றையும் இதமான வெளிச்சத்தையும் உள்ளே விட்டார். 1985இல் அவரோடு சேர்ந்து, சிக்கனமாகக் கட்டுவதற்கென்றே காஸ்ட்போர்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், கம்யூனிஸ்ட் தலைவரும் முன்னாள் முதலமைச்சருமான சி. அச்சுத மேனன். சிமெண்டைக் குறைத்துக் கைத்திறனைக் கூட்டும் இந்த முறையில், கம்பெனிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு தொழிலாளியின் கூலியாக மாறுகிறது.

டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளி

நம்மைப் போன்றவர்கள் பள்ளியை எப்படி அமைப்பது என்று தீர்மானிக்க முடியுமா? முடியும் என்று இத்தாலி நாட்டுப் பாட்டாளிகள் காட்டினார்கள்.

1945 ஏப்ரலில் பாசிசம் அங்கே வீழ்ந்தது. ரெஜ்ஜியோ எமிலியா என்ற நகரத்துக்கு அருகில் வில்லா செல்லா என்ற சிற்றூர். ஓடிப்போன ஜெர்மன் படை ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விட்டுச் சென்றிருந்தது. ஊர் மக்கள் அவற்றை விற்று, அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தீர்மானித்தார்கள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கி, ஆற்று மணலை அள்ளி, இரவு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தாங்களே கட்டினார்கள். செய்தியைக் கேட்டுச் சைக்கிளில் பார்க்க வந்த லோரிஸ் மலகுசி என்ற இளம் ஆசிரியர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

1963இல், கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய அந்த நகரசபை தன் முதல் மழலைப் பள்ளியைத் திறந்தது. அந்த வழியில் வளர்ந்த பள்ளிகளில் நடுவே ஊர்ச் சதுக்கம் போல ஒரு கூடம் உண்டு. சமையலறையை ஒளித்துவைக்கவில்லை, உணவு எப்படி உருவாகிறது, யார் உழைப்பு அது என்று பிள்ளைகள் பார்க்கலாம். களிமண்ணும் மரமும் வண்ணமும் கொண்டு வேலை செய்ய ஒரு பட்டறை உண்டு. கட்டடமும் சூழலும் பிள்ளைக்கு மூன்றாவது ஆசிரியர் என்பது அவர்கள் கொள்கை. உலகெங்கும் இருந்து கல்வியாளர்கள் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்கு வித்திட்டவர்கள் சாதாரண உழைப்பாளிகள்.

தமிழ்நாட்டிலும் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள். அந்த மக்களை வணங்குவோம். ஆனால் மக்கள் கொடுத்ததைக் காட்டிச் சர்க்கார் கைகழுவ இடம் தரக்கூடாது. செலவு சர்க்காருடைய கடமை. யோசனையும் கண்காணிப்பும் நம்முடைய உரிமை.

மரத்தடியில் படித்தே பெரியவர்கள் வரவில்லையா என்று சிலர் கேட்பார்கள். வந்தார்கள். வந்த ஒருவரைக் காட்டி, வராமலே போன ஆயிரம் பேரை மறைப்பதற்குத்தான் அந்தப் பேச்சு உதவும். தன் பிள்ளையை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு அப்படிப் பேசும் பணக்காரர் எவரையாவது கண்டதுண்டா?

நாம் செய்யவேண்டியவை

ஆகவே தோழர்களே, வேலைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம்.

ஒன்று: ஒவ்வொரு ஊரிலும் சங்கத் தோழர்கள் நாலு பேர், அளவு நாடாவோடு தலைமையாசிரியரின் அனுமதி பெற்றுப் பள்ளிக்குப் போகவேண்டும். அறையின் நீள அகலம், பிள்ளைகள் தொகை, ஜன்னல், தாழ்ப்பாள், குழாய், சுவர் விரிசல் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. அந்த அறைக்குள் அவர்களும் நம் பிள்ளைகளோடு வேகிறார்கள்.

இரண்டு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நுழையவேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் கூலியை இழந்து எந்தத் தாய் வருவாள்? மாலை நேரத்தில் வைக்கச் சொல்வோம்.

மூன்று: கடைக்கால் தோண்டும் முன்பே வரைபடத்தைக் குழுவின் முன் வைத்து விளக்கவேண்டும் என்று கேட்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் கொண்டுவருவோம். மே தினத்தன்று கொடி ஏற்றிவிட்டு, அங்கிருந்தே கிராம சபைக்குப் போவோம்.

நான்கு: கலவையில் சிமெண்ட் குறைந்தால் முதலில் தெரிவது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும்தான். பள்ளி வேலையில் அப்படி ஏதும் கண்டால் சங்கத்துக்குச் சொல்லவேண்டும். சொன்னவருடைய வேலைக்கு ஆபத்து வந்தால் சங்கம் முன்னே நிற்கவேண்டும். இந்த உறுதியைச் சங்கம் கொடுக்காவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சுவர்தான் ஒரு நாள் வாய் பிளக்கும்.

மில்லில் இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்டுகிறோம். ஒரு நிமிஷம் தாமதித்தால் மேஸ்திரி கேட்கிறார். நம் வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு அறுந்தால் கேட்க ஆளில்லை. இனி நாம் கேட்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் பள்ளியின் அளவுக் குறிப்பைக் கையில் கொண்டுவரட்டும். அதிலிருந்தே அடுத்த கோரிக்கை மனுவைத் தயாரிப்போம்.